பதினாறாம் நாளுக்குப் பிறகு

புக்கிட் பாஞ்சாங் வட்டாரக் குடியிருப்பாளர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



வழக்கமாக இந்த மேடையின் ஓரத்தில் நின்று, “அடுத்து நம் சிறப்புப் பேச்சாளர்” என்று அழைப்பது என் வேலை. இன்று அந்த நாற்காலியில் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. யோகா ஆசிரியையும் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வெகுசனத் தொடர்புத் துறையில் பட்டயம் வாங்கியவள். கேமரா முன்னால் சிரிக்கத் தெரியும், பிறரைப் பேச வைக்கத் தெரியும். துக்கத்தில் இருக்கும் ஒருவரின் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலிருந்தது. அதை நான் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்ட கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

இது எனக்குப் பழக்கமான வட்டாரம். 1999ல் இங்கே எல்ஆர்டி ஓடத் தொடங்கியபோது நான் பள்ளிப் பிள்ளை. சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி நம்முடையது என்று அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவார். எங்கும் போகமாட்டோம், சும்மா ஒரு சுற்றுத்தான். புளோக்குகளை நெருங்கும்போது பெட்டியின் கண்ணாடி தானாக மங்கலாகிவிடும், நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எனக்கும் தம்பிக்கும் அது மந்திரம் மாதிரி. பிற்காலத்தில் எங்கள் வீட்டிலேயே துக்கம் விழுந்தபோது அந்தக் கண்ணாடியை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் அன்பானவர்கள்தான். ஆனாலும் நம் அடுக்குமாடி வாழ்க்கையில் ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டுக்கு மங்கலாகத்தான் தெரிகிறது.

அப்பா 2020ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் காலமானார். மூளையில் இரத்தக் கசிவு. மூன்றே நாள். கொவிட் கிடையாது, ஆனால் கொவிட் காலம். ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கிய சர்க்கிட் பிரேக்கர் ஜூன் 1 வரை நீடித்தது உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இறுதிச் சடங்கில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. யார் அந்தப் பத்துப் பேர் என்று நாங்கள் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினோம். முப்பது வருடம் அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் பெயரை அடித்தது நான்தான். ஊரிலிருந்து யாரும் வர வழியில்லை, விமானங்கள் நின்றுபோயிருந்தன. பதினாறாம் நாள் காரியத்தை அம்மா, நான், தம்பி மூன்று பேரும் கைத்தொலைபேசியில் ஐயர் சொல்லச் சொல்லச் செய்து முடித்தோம்.

பதினேழாம் நாள் காலையில்தான் துக்கம் உண்மையாகவே தொடங்கியது என்று சொல்வேன். அதுவரை செய்வதற்கு ஏதாவது இருந்தது. அன்று ஒன்றுமே இல்லை.

அம்மா தூங்கவில்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டியதுபோல இருக்கிறது என்றார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்றார். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ். ஈசிஜி சரியாக இருந்தது, இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை மருத்துவர் நிதானமாக உட்கார்ந்து, “உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது அம்மா, இது பதற்றம்” என்றார். அம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்’ என்றுதான் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. துக்கத்தில் இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால், அது துக்கம்தான் என்று நாமாகவே முடிவு கட்டி மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கக்கூடாது. 2012ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட ஏறக்குறைய 21 மடங்கு கூடுகிறது என்று கணக்கிட்டது. ஜப்பானிய மருத்துவர்கள் 1990ல் விவரித்த ‘டாகோட்சுபோ’ என்ற நிலையில், பெரும் அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செயலிழந்து உப்பிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. ஆகவே முதலில் 995. யோகா எல்லாம் அதற்குப் பிறகு.

பிறகு என்று ஆனபின், எங்களுக்கு வழி காட்டியது நான் தேடிப் படித்த எதுவும் அல்ல. நாகப்பட்டினத்தில் இருக்கும் என் சித்தி.

சித்தி அங்கே அங்கன்வாடி ஊழியராக இருந்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே மிகக் கொடுமையாக அடிபட்டது நாகப்பட்டினம் மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சித்தி குடும்பம் தப்பியது. ஆனால் அடுத்த ஓராண்டு முழுக்க அவர் நிவாரண முகாம்களில்தான் இருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு நடுவில். அங்கே தொண்டர்கள் வந்து மூச்சுப்பயிற்சி சொல்லித் தந்ததை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாராம். பதினைந்து வருடம் கழித்து, அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தார். நம் நேரம் இரவு ஒன்பதரை, அங்கே ஏழு மணி.

“அக்கா, பேச வேண்டாம். என்னைப் பாத்துக்கிட்டே மூச்சு விடு. நான் விடறப்போ நீயும் விடு.”

இவ்வளவுதான். பத்து நிமிடம். இரண்டு வயதான பெண்கள், ஒரு சின்னத் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் கதவோரம் நின்று பார்த்தேன். மறுநாளும் ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

மூச்சு எப்படி வேலை செய்கிறது?

இதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பிற்பாடு ஒரு நிகழ்ச்சிக்காகத் தேடியபோது, அந்த நாகப்பட்டின முகாம்களைப் பற்றிய ஆய்வே கையில் கிடைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பட்ரிசியா கெர்பார்க், ரிச்சர்ட் பிரவுன் ஆகியோரும் தெரசா டெசிலோ முதலான சகாக்களும் 2010ல் வெளியிட்டது. சுனாமி நடந்து எட்டு மாதம் ஆகியும் கடும் மன அதிர்ச்சியில் இருந்த 183 பேர். சிலருக்கு மொத்தம் எட்டு மணி நேர மூச்சுப்பயிற்சி. சிலருக்கு அதோடு சேர்த்து, நடந்ததைப் பாதுகாப்பாகப் பேசவைக்கும் சிகிச்சை. மற்றவர்களுக்கு, பிறகு தருகிறோம் என்று காத்திருப்பு. 17லிருந்து 85 வரை போகும் ஓர் அளவுகோலில், ஆறு வாரத்தில், பயிற்சி பெற்றவர்களின் அதிர்ச்சி சராசரியாக 40 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. காத்திருந்தவர்களுக்கு ஐந்து புள்ளிகூட இறங்கவில்லை. 24 வாரம் வரை தொடர்ந்து பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

இதற்கு முன்பே, சுனாமி அடித்த ஒரே மாதத்தில், பெங்களூரைச் சேர்ந்த ஷெர்லி டெல்லஸ் குழுவினர் அந்தமான் முகாம்களில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகா கற்பித்துப் பார்த்தார்கள். பயம், பதற்றம், சோகம், தூக்கக் கெடுதல் எல்லாம் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். நாடித்துடிப்பும் மூச்சின் வேகமும் குறைந்ததைக் கருவிகளும் காட்டின.

நான் செய்தித்துறையில் இருப்பவள், ஆகவே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தமான் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. நாகப்பட்டின ஆய்வில் யார் எந்தக் குழு என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகவில்லை, முகாம் வாரியாகப் பிரித்தார்கள். ஒரு முகாமுக்கும் இன்னொன்றுக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும். ஆகவே ‘யோகா துக்கத்தைக் குணப்படுத்தும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’ என்று யாராவது உங்களுக்குச் செய்தி அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். துக்கம் நோயே அல்ல, அதைக் குணப்படுத்த என்ன இருக்கிறது? துக்கம் உடம்பைப் பிடித்து ஆட்டுகிறதே, அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தணிக்க முடியும். அந்த அளவுக்கு நம்ப இடமிருக்கிறது.

உடம்பில் நடப்பது எளிமையானதுதான். பதற்றத்தில் நாம் மேல்நெஞ்சால் வேக வேகமாக மூச்சு விடுகிறோம். தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. அதனால் தலை சுற்றும், விரல் மரக்கும், நெஞ்சு இறுகும். அம்மா சொன்ன அத்தனையும். இவற்றைக் கண்டு இன்னும் பயந்து இன்னும் வேகமாக மூச்சு. சுழல் மாதிரி. இதைத் திருப்பிவிட ஒரு கைப்பிடி உண்டு, அதுதான் வெளிமூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது சற்று மெதுவாகும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. வெளிமூச்சை நீட்டினால் இதயத்துக்கு ‘பொறு, பொறு’ என்று தட்டிக் கொடுத்த மாதிரி. இதயத்துடிப்பை நாம் நேரடியாகக் கட்டளையிட்டுக் குறைக்க முடியாது. மூச்சை முடியும்.

நம் முன்னோருக்கு நரம்பின் பெயர் தெரிந்திருக்கவில்லை, விஷயம் தெரிந்திருந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் அத்தியாயத்தில், மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று நான்கைச் சொல்கிறது: துயரம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கிழந்த மூச்சு. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனனுக்கு வாய் உலர்ந்து, உடல் நடுங்கி, கையிலிருந்து வில் நழுவுகிறது. இன்றைக்கு அவசரப் பிரிவுக்கு வந்திருந்தால் அவனுக்கும் ஈசிஜி எடுத்திருப்பார்கள். நம் திருமூலரோ திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை ஆள்வதற்கென்றே பாடியிருக்கிறார்.

ஏட்டில் மட்டுமில்லை. ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, முன்னும் பின்னும் அசைந்து, ஒரே மூச்சில் ஒரு வரியை நீட்டி நீட்டி இழுத்து, முடிவில் விசும்பி, மறுபடி இழுப்பார்கள். நீண்ட வெளிமூச்சு, தாளம், தொடுகை, கூட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்றிருக்கும் வீவக புளோக்கில் அதைச் செய்ய முடியாது, சரி. ஆனால் கிராமத்துப் பாட்டிகள் இலவசமாகச் செய்த ஒன்றை நாகரிகம் இல்லை என்று ஒதுக்கிவிட்டு, அதையே வேறு பெயரில் காசு கொடுத்துக் கற்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பாயைச் சுருட்டாமல் எழுந்த அம்மா

இனி என் தவறுகள். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, அம்மாவுக்கு மூச்சுப்பயிற்சி பிடித்திருக்கிறதே, முறையாகக் கற்கட்டும் என்று ஒரு யோகா வகுப்பில் சேர்த்துவிட்டேன். இருபது பேர், வேகமான இசை. பயிற்றுவிப்பாளர் இளைஞர், நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆரம்பத்திலேயே கபாலபாதி. வேக வேகமாக மூச்சைத் தள்ளுவது. ஏற்கெனவே மூச்சு வேகத்தால் அவதிப்படுபவருக்கு அது நெருப்பில் எண்ணெய். அம்மா எப்படியோ சமாளித்தார். கடைசியில் சவாசனம். “எல்லாரும் படுங்க, கண்ணை மூடுங்க, பிணம் மாதிரி அசையாம கிடங்க.”

அம்மா எழுந்தார். பாயைச் சுருட்டவில்லை. பையை எடுக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவைக் கடைசியாக அவர் பார்த்தது படுத்த நிலையில்தானே? அந்தச் சொல்லில் ‘சவம்’ இருக்கிறது என்பது அத்தனை வருடமாக என் காதில் விழுந்ததே இல்லை. ஆங்கிலத்தில் ‘சவாசனா’ என்று கேட்டால் ஒன்றும் தோன்றாது. தமிழ் தெரிந்த காதில்தான் குத்துகிறது.

அதன்பின் ஒரு யோகா சிகிச்சையாளரைத் தேடிப் போனோம். வகுப்புக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேற்றுமை முதல் நாளே புரிந்தது. அவர் பாயை விரிக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, என்ன மருந்து, இரத்த அழுத்தம் எவ்வளவு, எப்போது சாப்பிடுகிறீர்கள், பகலில் எந்த நேரம் தாங்க முடியாததாக இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு அம்மா, “சாயங்காலம் ஆறரை. அவர் சாவி போடற சத்தம் கேக்குற நேரம்” என்றார். அதுவரை எங்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை. பயிற்சி நேரம் ஆறு இருபது என்று முடிவாயிற்று.

இந்த ஆளுக்கேற்ற அணுகுமுறை சென்னை தந்தது என்று நாம் பெருமைப்படலாம். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஆளைப் பார்த்துப் பயிற்சியை மாற்றியவர், 1888ல் பிறந்து 1989 வரை நூறாண்டு கடந்து வாழ்ந்தவர். அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்துவிட்டு வேலைக்குப் போக இருந்த நேரம். ஒருநாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்று, நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, வைதிகரான அந்தப் பெரியவரை நடுத்தெருவில் கட்டித் தழுவி நன்றி சொன்னாராம். காரணம், நெடுங்காலத் தூக்கமின்மைக்குப் பின் முதன்முறையாக மருந்தில்லாமல் அவர் தூங்கியிருந்தார். அப்பாவிடம் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் மகன் பொறியியலை விட்டார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். 1976ல் தந்தையின் பெயரால் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். யோகாவை மனிதருக்கு ஏற்ப மாற்ற வேண்டும், மனிதரை யோகாவுக்கு ஏற்ப மாற்றக்கூடாது என்பது அந்த வழியின் அடிப்படை.

அம்மாவுக்குக் கிடைத்த பயிற்சியைச் சொல்கிறேன். எல்லாருக்கும் பொருந்தும் என்பதற்காக அல்ல, எவ்வளவு எளிமை என்று காட்டத்தான். நாற்காலியில் முதுகு சாய்க்காமல், பாதம் தரையில் பதிய உட்காருவார். மூச்சு உள்ளே வரும்போது இரு கையும் முன்பக்கமாக மேலே, வெளியே போகும்போது மெதுவாகக் கீழே. கை இறங்கி முடியும்வரை மூச்சு போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆறு முறை. பிறகு கையில்லாமல், நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. அப்படி விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சுத்தான் வரும். மூச்சை அடக்கிவைப்பது கிடையாது. கண்ணை மூட வேண்டியதில்லை. மூடினால் சிலருக்குக் காட்சிகள் வெள்ளமாக வரும். அம்மா ஜன்னல் வழியாக எல்ஆர்டி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் வெளிமூச்சில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். ஓம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். இஸ்லாமிய, கிறிஸ்தவ நண்பர்கள் தயங்கத் தேவையில்லை, நெஞ்சில் அதிர்வது ‘ம்’தான், அதற்கு மதமில்லை. படுக்க மனம் வரும் நாளில் கெண்டைக்காலை நாற்காலியின் மேல் வைத்துப் படுக்கலாம். அதற்குச் சவாசனம் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும்.

“உனக்கு ஒரு ரிமோட் கெடச்சிருக்கு”

என் பெரிய தவறு இதற்குப் பிறகுதான். பயிற்சி பலன் தரத் தொடங்கியதும் எனக்கு உற்சாகம். அம்மா அழ ஆரம்பித்தால் போதும், “அம்மா, மூச்ச இழுங்க, மெதுவா விடுங்க” என்று ஓடிவருவேன். அப்பாவின் சட்டையை மடிக்கும்போது கண் கலங்கினால், “நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.” ஒரு நாள் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“நான் அழறத நிறுத்த உனக்கு ஒரு ரிமோட் கெடச்சிருக்கு, இல்ல?”

தொலைக்காட்சியில் வேலை பார்ப்பவளுக்கு இதைவிடச் சரியான அடி கிடைக்காது. யோசித்துப் பார்த்தால், அம்மாவின் பதற்றத்தைவிட என் பதற்றத்தைத்தான் நான் தணித்துக்கொண்டிருந்தேன். அவர் அழுவது எனக்குத் தாங்கவில்லை. அப்பா இறந்த பத்தாம் நாள் நான் வீட்டு வரவேற்பறையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினேன், மேல்சட்டை பளபளவென்று, முகம் முழுக்கச் சிரிப்பு. என் அழுகையை நான் அப்படித்தான் கையாண்டேன். அம்மாவையும் அப்படியே ஆக்கப் பார்த்தேன்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969ல் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். உண்மையில் அவர் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. பின்னால் இருப்பவர்கள் வரிசையாக ஐந்து படி ஏறி இறங்குவதில்லை. நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999ல் முன்வைத்த கருத்து எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது. துக்கப்படுபவர் ஊஞ்சல் மாதிரி, ஒரு பக்கம் இழப்பை நோக்கி, ஒரு பக்கம் வாழ்க்கையை நோக்கி, போய்ப் போய் வருகிறார். இரண்டும் தேவை. மூச்சுப்பயிற்சியால் ஊஞ்சலை நிறுத்தக்கூடாது. கயிறு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அது உதவும். அதன்பின் நான் ஒன்று செய்தேன். அம்மா அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து என் மூச்சை மட்டும் மெதுவாக விட்டேன். அவருக்கு எதையும் சொல்லவில்லை. சில நாள் அவர் மூச்சு என் மூச்சோடு சேர்ந்துகொண்டது. சில நாள் இல்லை. சித்தி முதல் இரவே செய்தது இதைத்தான். எனக்கு அது புரிய ஒரு வருடம் பிடித்தது.

நம் சிங்கப்பூரில் இன்னொரு துக்கமும் இருக்கிறது. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நிகழ்ச்சிக்காகப் பேட்டி எடுத்தபோது, புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் சொன்னார். 2020ல் தாயார் இறந்த செய்தி தங்கும்விடுதியில் வந்தது. ஒரே அறையில் பலர், அழ இடமில்லை. “குளிக்கிற இடத்துல தண்ணியத் திறந்துவிட்டுட்டு அழுதேன்க்கா.” அவருக்கு மாடியில் மேற்கூரையின் கீழ் ஒரு நாற்காலியும், பக்கத்தில் பேசாமல் உட்காரும் ஓர் ஊர்க்காரரும் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உங்கள் கம்பெனியில், உங்கள் கடையில் அப்படி ஒருவர் இருந்தால் பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு தேநீருக்காவது கூப்பிடுங்கள்.

எப்போது யோகா போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் தாண்டியும் துக்கம் துளியும் இளகாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோனால், அதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022லிருந்து தனியே அடையாளம் காண்கிறது. அதற்கென்று பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. நானும் கூடப் போயிருக்கலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், மது கூடிக்கொண்டே போனால், நாள் பார்க்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. 2025ல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771. மருத்துவர் தந்த மாத்திரையை, யோகா செய்கிறேனே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மா சில மாதங்கள் மருந்தும் எடுத்தார், மூச்சும் விட்டார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அவராலும் முடியாது.

கேள்வி நேரத்துக்கு முன் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று தயாரிப்பாளர் கைகாட்டுகிறார். எல்லாரும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். கைப்பையைக் கீழே வையுங்கள் ஆண்ட்டி, யாரும் எடுக்கமாட்டார்கள். பாதம் தரையில். கண் திறந்தே இருக்கட்டும். கேமரா அண்ணன், நீங்களும்தான். நான்கு எண்ணி உள்ளே… ஆறு எண்ணி வெளியே…

நான்காவது வரிசையில் நீலச் சேலையில் ஒருவர் மட்டும் செய்யாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அவர்தான் என் அம்மா. அவருக்கு இரவு ஒன்பதரைக்கு நாகப்பட்டினத்திலிருந்து அழைப்பு வரும், அதுவரை செய்யமாட்டார்.